சோப்புப் போட்டுக் கழுவு, போதும்

நாய்க்குக் கருவாடு கொடுத்தால் முடி உதிரும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள் சார். அது தப்பு. உப்பை நன்றாக அலசிவிட்டுக் கொடுத்தால் ஒன்றும் ஆகாது. எங்கள் சங்கத்து நாய்களில் பாதி நெத்திலிக் கருவாட்டில் வளர்ந்தவைதான். உங்கள் ஸ்டேஷன் வாசலில் படுத்திருக்கிறதே ஒன்று, அதற்கு விலா எலும்பு தெரிகிறது. அதனால்தான் சொன்னேன்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். என் பெயர் ஆனந்தகுமார். உடும்பஞ்சோலையில் உரக்கடை வைத்திருக்கிறேன். கோம்பை நாய் வளர்ப்போர் சங்கத்துக்குச் செயலாளர். மலைக்குக் கீழே தேனிப் பக்கம் இருக்கிற கோம்பையின் பேரைத் தாங்கிய ஜாதி அது. செம்பழுப்பு உடம்பு, கரிய மூஞ்சி. இந்த மலையில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற எந்த லயத்துக்குப் போனாலும் ஒன்று கிடக்கும், ஆனால் சங்கிலியில் கிடக்கும். ஏலக்காய்த் திருடனைப் பார்த்துக் குரைக்க ஒரு வாய் வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்கு. கட்டிப்போட்டு வளர்க்கிறவனுக்குத் தன் நாயைத் தெரியாது என்பது என் கட்சி. ஓட விடு, தடை தாண்ட விடு, கூடவே நீயும் ஓடு என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்.

"மனுசருக்கு நிமிர்ந்து நிக்க நேரமில்ல, இதுல நாய் கூட ஓடணுமாக்கும்" என்று ரோசியம்மா என் முகத்துக்கு நேராகச் சொன்னாள். ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கிறவள். எதையும் கையிலெடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்காமல் நம்பமாட்டாள்.

அவள் மகள் சோனா அப்படி இல்லை. முதலில் வந்து சேர்ந்தவள் அவள்தான். புருஷன் சுஜின் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறான். வீட்டில் மணி என்று ஒரு சோப்ளாங்கி நாய். அதை அவள் பழக்கிய விதத்தை நான் சும்மா புகழவில்லை சார். அவள் கையை வீசினால் மணி எழும்பும், இறக்கினால் உட்காரும். அவள் ஓடுவதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றப் பெண்கள் வெட்கம் விட்டு மைதானத்துக்கு வந்தார்கள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். இதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்த வருஷம் பெரிய போட்டி வைத்தோம். சென்னையிலிருந்து நடுவர்கள் வருவதாக ஏற்பாடு. அவர்களுக்குத் திருப்தி என்றால் எங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம். வருஷக்கணக்கில் நாயாய் அலைந்தேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். போட்டிக்கு முன்னால் வெறிநாய்த் தடுப்பூசி முகாமும் நான்தான் நடத்தினேன். ஒரு நாயை விடவில்லை, என் கரியனைத் தவிர. ஊசி போட்டால் நாய் கொஞ்ச நாள் மந்தமாகும், ஓட்டத்தில் கால் பின்னும் என்று பந்தயக்காரர்களிடம் ஒரு பேச்சு உண்டு. போட்டி முடிந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். கேட்டவர்களிடம் போட்டாயிற்று என்றேன்.

முகாமுக்குக் கொஞ்ச நாள் முன்னால் தோட்டத்து ஓரத்தில் ஒரு குள்ளநரி கரியனின் காதைக் கடித்துவிட்டு ஓடியிருந்தது. மஞ்சள் குழைத்துப் போட்டேன். ஆறிவிட்டது. ஆறின புண்ணை யார் நினைத்துக்கொண்டிருப்பார்கள்?

போட்டிக்கு முந்திய வாரம் எஸ்டேட் மைதானத்தில் பயிற்சி. கரியன் அன்றைக்குத் தாண்ட மறுத்தான். முழங்கால் உயரக் கம்புதான், அதன் முன்னால் வந்து நின்று எங்கேயோ பார்த்தான். குரலும் கம்மியிருந்தது. நான் கம்பை இறக்கிக்கட்டப் போனேன். சோனா அவன் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"பல்லு பட்டுருச்சுண்ணே" என்றாள். புறங்கையில் ஒரு சின்னக் கீறல். ரத்தம்கூட ஒரு பொட்டுதான். "கடிக்கல, சும்மா வெட்டுனான். ஊசி கீசி போடணுமாண்ணே?"

"நம்ம கரியன்மா. ஊசி போட்ட நாயி. சோப்புப் போட்டுக் கழுவு, போதும்" என்றேன்.

குழாயடிக்கு நானே கூட்டிப்போனேன். நானே தண்ணீர் பிடித்து ஊற்றினேன். நுரை போகப் போக மறுபடி சோப்புப் போடச் சொன்னேன். அசட்டையாக இருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. ஆசுபத்திரிக்குப் போனால் யார் வீட்டு நாய் என்று கேட்பார்கள். அப்புறம் மிருக ஆசுபத்திரிக்காரர்கள் வருவார்கள். போட்டிக்கு வர இருந்தவர்கள் பாதி வழியில் திரும்பிப் போவார்கள். ஒரு பொட்டு ரத்தத்துக்கு அத்தனையும் வேண்டுமா என்று நினைத்தேன். நீங்களாக இருந்தாலும் நினைத்திருப்பீர்கள்.

மறுநாள் கரியனின் தாடை தொங்கிவிட்டது. எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்று வாய்க்குள் கைவிட்டுத் துழாவினேன். எலும்பு இல்லை. உரமூட்டைகளுக்குப் பின்னால் இருட்டில் போய்ப் படுத்தவன் அடுத்த இரண்டு நாளில் போய்விட்டான். வீட்டுக்குப் பின்னால் ஏலச்செடிகளுக்கு நடுவில் சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தேன். என் அப்பா செத்தபோதுகூட நான் அப்படி அழவில்லை. கேட்டவர்களுக்கு, இணை சேர்க்கக் கோம்பைக்கு அனுப்பியிருக்கிறேன் என்றேன்.

அதன் பிறகுதான் சோனா போன் செய்தாள். கடித்த நாயைப் பத்து நாள் பார்க்க வேண்டும், நாய் நன்றாக இருந்தால் பயமில்லை என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ரோசியம்மா சொல்லிக்கொடுத்துக் கேட்கச் சொல்லியிருக்கிறாள்.

"அம்மா சும்மா நைநைங்குதுண்ணே. கரியன் எப்படி இருக்கான்?"

"அவனுக்கென்ன, ஜம்முனு இருக்கான். கோம்பையில மாப்பிள்ளை விருந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கான்" என்றேன். அவள் சிரித்தாள். போட்டிக்கு மணிக்குப் புதுப் பட்டை வாங்கியிருப்பதாகச் சொன்னாள்.

போட்டி நன்றாக நடந்தது. நடுவர்கள் மணியைப் பார்த்து அசந்துபோனார்கள். சோனா கோப்பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற படம் இன்னும் என் கடையில் மாட்டியிருக்கிறது. அங்கீகாரமும் வந்தது.

மழைக்கு முன்னால் அவளுக்குப் புறங்கை மதமதத்தது. பிறகு காய்ச்சல். பிறகு தண்ணீர்ச் செம்பைப் பார்த்தால் தொண்டை இழுத்துக்கொண்டது. பெரிய ஆசுபத்திரியில் டாக்டர் நாய் எதுவும் கடித்ததா என்று கேட்டார். சுஜின் என்னைப் பார்த்தான். ரோசியம்மாவும் பார்த்தாள்.

"கரியன் பல்லுதான் பட்டுச்சு" என்றான் சுஜின். "ஆனா அது நல்லா இருக்குல்லண்ணே?"

"நேத்துக்கூடப் போன்ல விசாரிச்சேன்" என்றேன். "ஜீப் ஸ்டாண்டு டீக்கடையில ஒரு தெருநாய் இவ மேல பாஞ்சுச்சே, உனக்கு ஞாபகமில்லையாப்பா?"

பாவம், அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. மனிதன் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டுமே. சோனா கண்ணை மூடிய மறுநாள் ஜீப்காரர்கள் எல்லோரும் சேர்ந்து அந்தத் தெருநாயை அடித்தே கொன்றார்கள். அது யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாத நாய். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு சங்கடப்படுகிறது. அதன் பிறகு ஊரில் ஒருவர் நாயை இன்னொருவர் சந்தேகப்பட்டு, பயிற்சிக்கு ஆளே வரவில்லை. வளர்த்தவர்களே தங்கள் நாய்க்குத் தட்டில் தண்ணீர் வைத்துவிட்டுத் தூர நின்று பார்த்தார்கள்.

ரோசியம்மா மட்டும் தெருநாய்க் கதையை ஏற்கவில்லை. துக்கம் கேட்கப் போன என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கோம்பைக்குப் போன மாப்பிள்ளை ஏன்யா இன்னும் திரும்பல?"

பிறகு அவளே பஸ் ஏறிக் கோம்பைக்குப் போய் விசாரித்திருக்கிறாள். அங்கிருந்து நேரே உங்களிடம் வந்தாள். நீங்கள் என் ஏலச்செடிகளுக்கு நடுவில் தோண்டினீர்கள்.

கரியனுக்கு என்ன நோய் என்று எனக்குத் தெரியாது என்று நேற்றுச் சொன்னேன். அதை மாற்றிக்கொள்கிறேன் சார். தெரியும். தாடை தொங்கினதும் தெரிந்துவிட்டது. அவன் வாய்க்குள் விட்ட என் கட்டைவிரலில் ஒரு வெட்டு இருந்தது. அன்றைக்கே மலையிறங்கிப் போடிக்குப் போய் முதல் ஊசி போட்டுக்கொண்டேன். உடும்பஞ்சோலையில் போட்டால் பேச்சு கிளம்பும். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதற்குப் பிறகு ஒரு தவணைகூடத் தப்பவிடவில்லை.

சோனா போன் செய்தபோது நான் எங்கே இருந்தேன் என்று கேட்டீர்கள். போடி ஆசுபத்திரி பெஞ்சில். இரண்டாவது ஊசி போட்டுவிட்டுக் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளையும் வரச்சொல்லியிருந்தால் அன்றைக்கே போட்டிருப்பார்கள், பிழைத்திருப்பாள் என்கிறீர்கள். உண்மைதான். போகும்போது என் ஜீப்பில் பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருந்தது. ஆனால் சோனாவுக்குத் தெரிந்தால் ரோசியம்மாவுக்குத் தெரியும், ரோசியம்மாவுக்குத் தெரிந்தால் போட்டி இல்லை.

உனக்கு மட்டும் ஏன் போட்டுக்கொண்டாய் என்றும் கேட்கிறீர்கள். எனக்கு ஏதாவது ஆகியிருந்தால், சங்கத்தை யார் சார் பார்ப்பது?