மலாங்கா ராத்திரியின் கால்தடம்

ஹால்யா: ...ஐயோ! மண்டை போச்சு!

டார்க்கா: குனிஞ்சு ஏறுன்னு சொன்னேன்ல? பூட்ஸ அங்கயே கழட்டு அக்கா. சேத்தோட உள்ள வராத.

ஹால்யா: ஒரு எட்டு வச்சா அடுப்பு, அடுத்த எட்டு வச்சா கட்டில். இந்த வீட்டு வண்டியில எங்கடி கழட்டி வைக்கிறது?

டார்க்கா: கதவோரமா வை. அந்தக் கூடையை இப்படிக் குடு.

ஹால்யா: தொடாத! நாளைக்குக் காலையில பாதிரியார் ஆசீர்வாதம் பண்ண வேண்டிய கூடை. ரொட்டி, முட்டை, தொத்திறைச்சி எல்லாம் இருக்கு. நீ கைய வச்சா பாதி காணாமப் போயிடும்.

டார்க்கா: நாளைக்கு ஈஸ்டர் அக்கா. நல்லா சொல்லு, ‘நாளைக்கு’ன்னு இன்னொரு தடவை சொல்லு. ஈஸ்டர்! நான் ஜெயிச்சிட்டேன்.

ஹால்யா: ம்ம்.

டார்க்கா: என்ன ம்ம்?

ஹால்யா: ஓரெஸ்ட் எங்க?

டார்க்கா: வெளிய நின்னு பனி உருகுறதை வேடிக்கை பாக்குறாரு.

ஹால்யா: டேய் ஓரெஸ்ட்! உள்ள வா!

ஓரெஸ்ட்: நான் இங்கயே நிக்கிறேன் அக்கா. மூணு பேருக்கு அங்க இடம் இருக்காது.

டார்க்கா: இருக்கும் அண்ணே. தாராளமா இருக்கும். வாங்க.

ஓரெஸ்ட்: ...வரேன், வரேன்.

ஹால்யா: கதவைச் சாத்து. சரி, இப்ப எனக்கு ஒண்ணு சொல்லுங்க. அக்டோபர் மாசம், நன்றித் திருநாள் விருந்துல வான்கோழியை வெட்டுறதுக்கு முன்னாடி, என் வீட்டு மேஜையில என்ன பேசினோம்?

டார்க்கா: அதான் ஊருக்கே தெரியுமே...

ஹால்யா: உன் வாயால சொல்லு.

டார்க்கா: அண்ணன் வீட்டு முத்தத்துல வண்டியை நிறுத்தி, ஈஸ்டர் வரைக்கும் தினமும் ராத்திரி இதுலயே படுப்பேன். ஒரே ஒரு ராத்திரி வீட்டுக்குள்ள போய்ப் படுத்தாலும், சாவி உனக்கு. நான் யார்க்டன் டவுன்ல உன் வீட்டுக் கீழ் ரூமுக்கு வந்துடணும். வண்டியை வித்துடலாம்.

ஹால்யா: நீ ஜெயிச்சா?

டார்க்கா: அதுக்கப்புறம் நீ வாயே திறக்கக்கூடாது. ஜூன் மாசம் இதே வண்டியில, என் பக்கத்துல உக்காந்து, பசிபிக் கடல் வரைக்கும் வரணும். போற வழியில குறை சொல்லக்கூடாது.

ஓரெஸ்ட்: அந்தக் கடைசி ஒண்ணு தான் நடக்காது...

ஹால்யா: நீ சும்மா இரு. காவலுக்கு யாரை வச்சோம்?

ஓரெஸ்ட்: என்னை.

ஹால்யா: ‘இந்தத் தகர டப்பாவுல மனுஷி இருப்பாளா, ஜனவரியில ஐஸ் கட்டியாக் கிடப்பா, கடப்பாரையால தான் பேத்து எடுக்கணும்’னு சொன்னது யாரு?

ஓரெஸ்ட்: ...நான் தான்.

ஹால்யா: ‘இந்த ஊருல முக்கால்வாசி வீட்டு ஹீட்டர் நான் மாட்டினது, சூட்டைப் பத்தி எனக்கா சொல்லித் தரீங்க’ன்னு மாரைத் தட்டினது?

ஓரெஸ்ட்: அதையெல்லாம் இப்ப எதுக்கு அக்கா...

டார்க்கா: ஐஸ் கட்டி டீ போடுது. யாருக்கெல்லாம் வேணும்?

ஹால்யா: எனக்கு வேணாம்.

டார்க்கா: வேணும். உன் மூக்கு சிவந்திருக்கு. குடிச்சிட்டு அப்புறமா என்னைத் திட்டு.

ஹால்யா: எப்படிடி இருந்த? நிஜமா சொல்லு. மைனஸ் நாப்பது டிகிரிக்குப் போச்சே...

டார்க்கா: எப்படியா? டிசம்பர்ல கழிவுத்தண்ணிக் குழாயை மூடாம விட்டுட்டேன். சொட்டுச் சொட்டா உறைஞ்சு, குழாய் முழுக்க ஒரே கட்டி. இந்த அண்ணன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சாரு.

ஓரெஸ்ட்: சிரிக்காம என்ன பண்றது? ஹேர் டிரையரை வச்சுக்கிட்டு வண்டிக்கு அடியில படுத்துக் கிடந்தா.

டார்க்கா: ஒரு நாள் காலையில எந்திரிக்கிறேன், தலை வரமாட்டேங்குது. என்னடான்னு பாத்தா முடி சுவத்தோட ஒட்டி உறைஞ்சு போச்சு!

ஹால்யா: கடவுளே!

டார்க்கா: அன்னிலேர்ந்து தொப்பி போட்டுத் தான் தூக்கம். அலமாரியில வச்ச முட்டையெல்லாம் வெடிச்சுப் போச்சு. அப்புறம் முட்டை உறையாம இருக்கணும்னு ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சேன். சிரிக்காத, அது தான் வண்டியிலயே சூடான இடம்!

ஹால்யா: நான் சிரிக்கல.

டார்க்கா: சிரிக்கிற. அப்புறம் மெல்ல மெல்லக் கத்துக்கிட்டேன். சுத்தி வைக்கோல் கட்டு அடுக்கினேன், அதுக்கு மேல பனியை வாரி அணைச்சேன். கேஸ் சிலிண்டருக்குப் போர்வை போத்தினேன். கதவுக்கு ரெட்டைக் கம்பளி. சூப் பானை மாதிரி கொதிச்சுக்கிட்டு இருந்தேன் அக்கா உள்ள! சில நாள் வேர்த்தே போச்சு.

ஹால்யா: அப்படியா? அப்ப மலாங்கா ராத்திரி?

டார்க்கா: ...மலாங்கா ராத்திரிக்கு என்ன?

ஹால்யா: ஜனவரியில, நம்ம பழைய காலண்டர் புத்தாண்டு ராத்திரி. பொது ஹால்ல ஊரே ஆடிட்டு வீட்டுக்குப் போச்சு. இந்தக் குளிர்காலத்துலயே மோசமான ராத்திரி அது.

ஓரெஸ்ட்: டீ நல்லாருக்கு டார்க்கா.

ஹால்யா: நீ இன்னும் குடிக்கவே இல்லையே. எதிர்வீட்டு ஸ்டெஃப்கா நேத்து எனக்கு போன் பண்ணா.

ஓரெஸ்ட்: அவளுக்கு வேற வேலை இல்ல...

ஹால்யா: மறுநாள் காலையில அவ ஜன்னலைத் திறந்து பாத்திருக்கா. புதுப் பனி. இந்த வண்டிக்கும் உன் வீட்டு வாசலுக்கும் நடுவுல கால்தடம். போகவும் வரவும்.

ஓரெஸ்ட்: அது மூஸ் மானா இருக்கும்.

ஹால்யா: மூஸ் மானா?

ஓரெஸ்ட்: காட்டுலேர்ந்து அப்பப்ப வரும்ல...

ஹால்யா: பூட்ஸ் போட்டுக்கிட்டா?

ஓரெஸ்ட்: நாய்! எங்க காஷா. ராத்திரி அவுத்து விட்டேன்.

ஹால்யா: நாய்த்தடமும் இருந்துச்சாம். பூட்ஸ் தடமும் இருந்துச்சாம். டார்க்கா, என் மூஞ்சியைப் பாரு. அன்னிக்கு ராத்திரி எங்க படுத்த?

டார்க்கா: இங்க. இந்தக் கட்டில்ல.

ஹால்யா: அப்ப அந்தத் தடம் யாரோடது?

டார்க்கா: ...சொல்ல மாட்டேன்.

ஹால்யா: சொல்ல மாட்டியா, சொல்ல முடியாதா?

டார்க்கா: ரெண்டும் தான்னு வச்சுக்கயேன்.

ஹால்யா: டேய், நீ காவல்காரன். நீ சொல்லு.

ஓரெஸ்ட்: அவ வீட்டுக்குள்ள படுக்கல அக்கா. சத்தியமா.

ஹால்யா: மூஸ் மேலயும் சத்தியம் பண்ணுவ நீ. ஊருல எல்லா வீட்டுப் புகையும் நெட்டுக்குத்தலா மேல போய்க்கிட்டிருந்துச்சு, உங்க வீட்டுல மட்டும் ஒரு பொட்டுப் புகை இல்லன்னு கூட ஸ்டெஃப்கா சொன்னா. அவ கண்ணு அப்படி.

ஓரெஸ்ட்: ...புகையையும் பாத்தாளா?

ஹால்யா: பேச்சை மாத்தாத. டார்க்கா, உன்னைத் தோக்கடிக்கணும்னு எனக்கு ஆசையில்லடி. நீ போன் எடுக்காத ஒவ்வொரு காலையிலயும் என் உசுரு போய் வந்துச்சு. என் வீட்டுக்காரர் பெட்ரோ போனதுக்கப்புறம் நீயும் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?

டார்க்கா: தெரியும் அக்கா. ஆனா நீயும் கேளு. ஸ்கூல் பஸ் ஓட்டியே காலம் போச்சு எனக்கு. தினமும் அதே ரோடு, அதே பள்ளிக்கூட வாசல், அங்கேர்ந்து திருப்பிக்கிட்டு வீடு. ஒரு தடவையாவது திருப்பாம நேரா ஓட்டணும். ரோடு முடிஞ்சு கடல் வர்ற வரைக்கும். அதுக்குத் தான் இத்தனை குளிரையும் தாங்கினேன்.

ஹால்யா: அப்ப சொல்லிட்டுப் போ! ஒரு வார்த்தை! யார் தடம்?

டார்க்கா: டீ ஆறுது அக்கா. குடி.

ஹால்யா: பேச்சுன்னா பேச்சு டார்க்கா. சந்தேகம் வந்தா என் தீர்ப்புன்னு நீ தான் ஒத்துக்கிட்ட.

டார்க்கா: ஒத்துக்கிட்டேன் தான்.

ஓரெஸ்ட்: என்ன பண்ற நீ? ஏய்... அதை ஏன் கழட்டுற?

டார்க்கா: இந்தா அக்கா, சாவி. பெரிசு இஞ்சினுக்கு, சின்னது கதவுக்கு. கதவு கொஞ்சம் இறுகும், தோளால ஒரு இடி குடுக்கணும்.

ஓரெஸ்ட்: டார்க்கா, பைத்தியமா உனக்கு? சொல்லிடு!

டார்க்கா: வாக்கு குடுத்தேன் அண்ணே. குடுத்தா குடுத்தது தான்.

ஹால்யா: யாருக்கு வாக்கு? ...ஓரெஸ்ட், உன் காது ஏன்டா இப்படிச் செவக்குது?

ஓரெஸ்ட்: அக்கா... அந்தச் சாவியை அவகிட்டக் குடு.

ஹால்யா: ஏன் குடுக்கணும்?

ஓரெஸ்ட்: குடுன்னா குடு! நான் சொல்றதைக் கேட்டுட்டு, ஸ்டெஃப்காவுக்கு நீயே போன் பண்ணு. ஊருக்கே சொல்லு. சிரிக்கட்டும். அன்னிக்கு மலாங்காவுக்குப் போறதுக்கு முன்னாடி கூரைப் பனியைத் தள்ளினேன். எங்க விழுதுன்னு பாக்கல. சுவத்தோரமா கீழ நீட்டிக்கிட்டிருக்கிற எங்க வீட்டு ஹீட்டர் புகைக்குழாய் மேலயே மொத்தமும் விழுந்து மூடிடுச்சு. நடுராத்திரி ஹீட்டர் நின்னு போச்சு. நான் என்ன பண்ணேன் தெரியுமா? ஆடின ஆட்டத்துல, குடிச்ச குடியில, கீழ உக்காந்து ஹீட்டரை அக்கு அக்காப் பிரிச்சேன். வெளிய எட்டிக்கூடப் பாக்கல. என் பொண்டாட்டி மருசியாவோட உதடு நீலமாப் போச்சு. அவளை இழுத்துக்கிட்டு, நாயைத் தூக்கிக்கிட்டு, ஓடி வந்து இந்தத் தகர டப்பாவோட கதவைத் தட்டினேன் அக்கா. இவ ஒரு வார்த்தை கேக்கல. நகர்ந்து படுத்தா. இந்தக் கட்டில்ல, நாங்க மூணு பேரும் ஒரு நாயும். வேர்த்துச்சு அக்கா, நிஜமாவே வேர்த்துச்சு! காலையில மண்வெட்டியோட போய் குழாயைத் தோண்டி எடுத்ததும் இவ தான். யார்கிட்டயும் சொல்லிடாத, என் பொழைப்பே போயிடும்னு நான் தான் காலைப் பிடிச்சேன். போதுமா? இப்ப அந்தச் சாவியைக் குடுத்துட்டு எந்திரி. வீட்டுக்குப் போய் உன் பொட்டியைக் கட்டு. ஜூன் மாசம் நீ கடலுக்குப் போற!