வெள்ளைக் காந்தம்

பெரிஹான்: ...எங்கடா வச்சே? இந்த இழுப்பறையிலதானே கெடந்துச்சு!

உமுர்: எது அக்கா?

பெரிஹான்: காந்தம்டா. குடுவைக்குள்ள சுத்திச் சுத்திக் கலக்குமே, அந்த வெள்ளைக் காந்தம். ஓரத்துல கீறல் விழுந்தது.

உமுர்: புதுசு போட்டிருக்கேனே. பளபளன்னு...

பெரிஹான்: உன்னை யாரு மாத்தச் சொன்னா? ரெண்டு மணிக்கு அங்காராவுலேர்ந்து அஞ்சு பேராசிரியருங்க வர்றாங்க. நம்ம எர்சுரும் ஊர்க் குளிர்ல வந்து, இங்கேயே நின்னு பாக்கப்போறாங்க. இன்னிக்குச் சொதப்புனா என் முனைவர் பட்டம் போச்சு. ஆறு வருஷம் போச்சு!

உமுர்: சரி, கத்தாதீங்க. டீ ஆறுது பாருங்க.

பெரிஹான்: டீயைக் கொண்டுபோய்க் கொட்டு. வாயு சேர்ற குழாய்ல தண்ணி எறங்குதா?

உமுர்: ம்ம்... எறங்குது. ஹைட்ரஜன் வருது அக்கா. என்ன, மெதுவா வருது. இருபது நிமிஷத்துல கால்வாசிதான்...

பெரிஹான்: மூணே நிமிஷத்துல மொத்தமும் வரும்னு எழுதிக் குடுத்திருக்கேன்டா! நிக்கலும் தாமிரமும் சேந்த தூளு, சல்லிசு விலை, அதைப் போட்டா நம்ம மண்ணுல எடுத்த போரான் உப்புத் தண்ணியிலேர்ந்து ஹைட்ரஜன்... நாளைக்குக் காரே ஓடும்னு என் ஆய்வு வழிகாட்டி ஹோஜா ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காரு.

உமுர்: அதே தூளைத்தானே போட்டோம்? எந்தக் காந்தம் சுத்துனா என்ன?

பெரிஹான்: எனக்கு அதுதான் வேணும்.

உமுர்: என்ன, ராசியா?

பெரிஹான்: ஆமா, ராசி. உன் மூஞ்சி ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கு? கோட்டுப் பையைக் காட்டு.

உமுர்: அக்கா, வேணாம்...

பெரிஹான்: காட்டுடா!

உமுர்: இருங்க... ஒண்ணு சொல்லணும். அடிச்சாலும் பரவால்ல. அந்தக் காந்தத்தை வச்சு முன்னாடி நான் ருத்தேனியம் கலக்கினேன், ஹைட்ரஜனை வேகமா வரவைக்கிற அந்த விலை கூடுன உலோகம். தங்கத்தையே கரைக்கிற ராஜதிராவகத்துல ஊறவச்சுக் கழுவியிருக்கணும்... சோம்பேறித்தனம். தண்ணியில அலசி உங்க இழுப்பறையில போட்டுட்டேன்.

பெரிஹான்: ம்.

உமுர்: அந்தக் கீறல்ல ஒட்டியிருக்கிற ருத்தேனியம்தான் எல்லா வேலையும் பண்ணுது. உங்க தூளு இல்ல. ரமலானுக்கு முன்னாடியே எனக்குச் சந்தேகம். பயந்துபோய் வாயை மூடிட்டேன். இன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி அந்தப் பொய் ஓட வேணாம்னுதான் எடுத்து ஒளிச்சேன்... திட்டணும்னா திட்டுங்க அக்கா.

பெரிஹான்: போன மாசம் தூளே போடாம அந்தக் காந்தத்தை மட்டும் சுத்தவிட்டுப் பாத்தேன். மூணு நிமிஷம், பத்து நொடியில மொத்த ஹைட்ரஜனும் வந்துருச்சு. குடுடா அதை... மணி ஒண்ணே முக்கால்.