பதினேழாம் இலக்கக் கப்பல்

நான் சிகரெட் குடிப்பதில்லை, விதானையார். அதை உங்கள் விசாரணை அறிக்கையில் முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் வருகிற படம்தான் எனக்கு வேண்டும். கப்பல் படங்கள், மொத்தம் ஐம்பது. நாற்பத்தொன்பது என்னிடம் இருக்கின்றன. பதினேழாம் இலக்கம் மட்டும் இல்லை.

இணுவிலில் ஆண்கள் சுருட்டோடு நின்றுவிடுவார்கள். சிகரெட் பெட்டி பெட்டியாக உடைபடுவது வசதியான வீட்டுச் செத்தவீடுகளில்தான். வருகிறவர்களுக்கு வெற்றிலைத் தட்டத்தில் அதையும் வைப்பார்கள். அதனால் எந்தச் செத்தவீட்டுக்கும் முதல் ஆளாகப் போய்த் தட்டத்தை நான் பொறுப்பெடுத்துவிடுவேன். நமசிவாயத்தாரின் செத்தவீட்டில் மட்டும் ஒன்பது புதுப்படங்கள். உதவிக்கு ஓடிவருகிறவன் என்று ஊரே என்னை மெச்சியது.

பிறகு நான்கு மாதம் ஊரில் ஒருவரும் சாகவில்லை. சாகிற வயதில் இருந்தவர்களெல்லாம் கோயிலுக்கு நடந்து போய்வந்தார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. படங்கள் ஒட்டுகிற அல்பத்தைத் திறப்பேன், அந்த வெற்றுக் கட்டத்தைப் பார்ப்பேன், மூடுவேன், மறுபடி திறப்பேன். 

என் அண்ணை தம்பிராசா மலாயாவில் உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு வந்தவர். நெஞ்சு வருத்தக்காரர். உடுவில், அளவெட்டி என்று எங்கும் அவருக்கு ஆட்கள். எப்படிப் பார்த்தாலும் நாற்பது பெட்டி உடையும். ஆசைப்பட்டு நினைக்கவில்லை; நினைப்பு தானாக வந்தது.

அன்று மத்தியானம் அண்ணி இராசமலர் கோயிலுக்குப் போயிருந்தார். அண்ணைக்கு நெஞ்சை அடைத்தது.

"தம்பி, மருந்தை எடடா."

"ஓம் அண்ணை, எடுக்கிறன்."

எடுத்தேன். கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் குப்பியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. மூடி இறுகிவிட்டது என்று நினைத்திருப்பார். "மெல்லத் திற, அவசரமில்லை," என்றார். கொஞ்ச நேரம்தான். முன்பு மூன்று தரம் அதே மருந்தில் எழும்பியவர். குப்பி குறையாமல் இருந்தது என்று அண்ணி உங்களிடம் சொன்னது உண்மைதான்.

ஆனால் செத்தவீட்டில் அண்ணி கையை இறுக்கிவிட்டார். பன்னிரண்டு பெட்டியோடு சரி. பன்னிரண்டும் என்னிடம் இருந்த படங்கள். அவ்வளவு பெரிய மனிதருக்கு இது ஒரு செத்தவீடா? அப்போதுதான் நான் அழுதேன். எல்லோரும் வந்து தேற்றினார்கள்.

ஓம், கொன்றது நான்தான். கையெழுத்து வைக்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். வெள்ளிக்கிழமை அண்ணை செத்த முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிச் சடங்கு. ஊர் முழுக்க வரும். அன்று மட்டும் என்னை வீட்டுக்கு விடுங்கள். அண்ணைக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான். தட்டம் வைக்க அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்?