நடுக்கட்டையில் காய்ந்த அங்கிகள்

என் பெயர், வயது, தகப்பனார் பெயர், வீட்டு விலாசம் ஆகியவை இந்தத் தாளின் தலைப்பில் அதிகாரி எழுதிக்கொண்டபடி சரி. நான் தையல் கடை வைத்துப் பிழைக்கிறேன். கணவர் இறந்துவிட்டார். எங்கள் தெருவில் என்னைப் 'பட்டாசு' என்று கூப்பிடுவார்கள் என்பதையும் எழுதச் சொன்னேன், அதிகாரி தேவையில்லை என்றார். தேவை உண்டு. பட்டாசு என்று பேர் வாங்கியவள் இரண்டு வாரமாக வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள் என்பதுதான் இந்த வாக்குமூலத்தில் பாதி.

நான் நல்ல சுயநினைவோடு, யாரும் தூண்டாமல், என் காலால் நடந்து இங்கே வந்தேன். இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. என் கூடப்பிறந்த அண்ணன்தான் எங்கள் சபையின் செயலாளர். அவர் இன்று காலையிலேயே இந்த நிலையத்துக்குப் போன் செய்து, தங்கைக்கு இரத்த அழுத்தம் என்றும், அவள் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். எனக்கு இரத்த அழுத்தம் இருப்பது உண்மைதான். மாத்திரையும் ஒழுங்காகப் போடுகிறேன். அதற்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை.

எங்கள் சபையில் ஞானஸ்நானம் என்றால் ஆளைத் தண்ணீரில் முழுக்கி எடுப்பது. அதற்கான தொட்டி மேடைக்கு அடியில் இருக்கிறது. மற்ற நாட்களில் அதைப் பலகைகளால் மூடி, மேலே கம்பளம் விரித்துவிட்டால் கீழே பள்ளம் இருப்பதே தெரியாது. பலகைகளைத் தாங்குவதற்கு நடுவில் குறுக்காக ஒரு கனத்த மரம் போட வேண்டும். அதை நடுக்கட்டை என்போம். ஞானஸ்நானத்தன்று ஆட்கள் இறங்குவதற்காக அதை வெளியே எடுத்துவிடுவோம். அது இல்லாமலும் பலகைகள் ஓரத்தில் உட்கார்ந்துவிடும், பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, ஆனால் நடுவில் பாரம் தாங்காது. தொட்டியை நிரப்புவது, வடிப்பது, மூடுவது, முழுக்கு அங்கிகளைத் தைத்துத் துவைத்து வைப்பது எல்லாம் பல வருடங்களாக என் பொறுப்பு. வேறு யாரும் அதில் கைவைக்க நான் விட்டதில்லை.

சம்பவத்துக்கு முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் நடந்தது. அப்போது ஒரு பெண்ணின் அங்கியில் அக்குள் தையல் பிரிந்துவிட்டது. அதைப் பார்த்துப் பாடகர் குழுவிலிருந்த ஒருத்தி, "டெய்லரம்மா நூலுக்கும் ரேஷன் போட்டுட்டாங்க போல" என்றாள், குழு முழுவதும் சிரித்தது. அதன் பிறகு நான் யாரோடும் பேசவில்லை. அங்கிகளை அலசி நீலம் போட்டுப் பிழிந்து, பின்னறையில் இரண்டு நாற்காலிகளின் மேல் நடுக்கட்டையைக் கிடத்தி, அதன் மேல் வரிசையாகக் காயப்போட்டேன். கொடிக்கம்பியில் போட்டால் துருக்கறை பிடிக்கும். அதன் பிறகு அண்ணன் வந்து, "நாளைக்குக் கல்யாணம், மேடை அலங்காரம் பண்றவங்க வந்து நிக்கிறாங்க, சீக்கிரம் மூடும்மா" என்று அவசரப்படுத்தினார். கட்டையை எடுக்க வேண்டுமானால் ஈர அங்கிகளை எடுக்க வேண்டும். என் அங்கிகளைப் பற்றித்தான் ஊரே சிரித்துவிட்டதே என்ற கோபத்தில், அவை நன்றாகக் காயட்டும், கட்டையைக் காலையில் போட்டுக்கொள்ளலாம் என்று எண்ணி, நடுக்கட்டை இல்லாமல் பலகைகளைப் போட்டுக் கம்பளத்தை விரித்தேன். போட்டது நான். விரித்தது நான். மறுநாள் காலையில் மணப்பெண்ணின் உடையில் இடுப்பைக் கொஞ்சம் பிடிக்க வேண்டும் என்று கூப்பிட்டார்கள், அந்த ஓட்டத்தில் கட்டையை மறந்தேன்.

திருமணத்தில் மோதிரம் மாற்றும் நேரத்தில் போட்டோக்காரர் நல்ல படத்துக்காக மேடையின் நடுவுக்கு வந்தார், விளக்குப் பிடிக்கிறவரும் அவரை ஒட்டி வந்தார், பலகை முறிந்தது. புதுத் துணியைக் கிழிக்கிற சத்தம்போல என் காதில் விழுந்தது. விளக்குக்காரர் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். போட்டோக்காரர் காய்ந்த தொட்டிக்குள் விழுந்து தொடை எலும்பு முறிந்தது. எல்லாரும் தொட்டியை நோக்கி ஓடினார்கள். நான் பின்னறைக்கு ஓடினேன். அங்கே என் அங்கிகள் மொடமொடவென்று காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தன.

பின்னாலேயே அண்ணன் வந்தார். அவருக்கு ஒரே பார்வையில் விளங்கிவிட்டது. "யாராவது பாத்தாங்களா?" என்று கேட்டார். அடிபட்டவர் எப்படி இருக்கிறார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதன் பிறகு போட்டோக்காரரைத் தூக்கி வண்டியில் ஏற்ற, கூட்டம் முழுவதும் வாசலுக்குப் போனபோது, நாங்கள் இருவரும் கட்டையைத் தூக்கிவந்து, அது முதலிலிருந்தே அங்கே இருந்ததுபோலத் தொட்டிக்குள் இறக்கினோம். ஒரு முனையை நான் பிடித்தேன். அண்ணன் தனியாகச் செய்தார் என்று யாரும் எழுத வேண்டாம்.

அதன் பிறகு சபைக் கமிட்டி கூடி, பலகை உளுத்த மரம், செய்த தச்சர் ஏமாற்றிவிட்டார் என்று தீர்மானித்தது. தச்சர் எங்கள் சபையைச் சேர்ந்தவர் அல்ல. அவருக்காகப் பேச அங்கே ஒரு நாதி இல்லை. அவரைக் கூட்டிவந்து காட்டியபோது முறிந்த விளிம்பைத் தடவிப் பார்த்து, "நான் போட்ட பலகைதான்" என்று மட்டும் சொன்னார். நான் அவருக்கு எதிரே, கையில் மடித்த அங்கிகளோடு நின்றேன். போட்டோக்காரரின் புகார் தச்சர் பேரில் பதிவானது, அவருடைய பட்டறை பூட்டப்பட்டது. இவை இந்த நிலையத்துக்குத் தெரிந்ததே.

நான் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். போட்டோக்காரர் கால் உயரத் தூக்கிக் கட்டியபடி படுத்திருந்தார். "அந்தத் தச்சனைச் சும்மா விடமாட்டேன்க்கா" என்றார். நான் ஆரஞ்சை உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். உரித்த கையை வெட்டிப் போடலாம் என்று அப்போதே தோன்றியது. தோன்றி என்ன பயன்?

அதன் பிறகு போதகரின் வீட்டுக்குப் போய் முழுவதையும் சொன்னேன். அவர் கண்ணை மூடி எனக்காக ஜெபித்தார். நல்ல ஜெபம், குறை சொல்ல மாட்டேன். அதன் பிறகு, "நீங்க மனசார வருத்தப்பட்டுட்டீங்க சகோதரி, ஆண்டவர் மன்னிச்சுட்டார். வெளியில சொன்னா சபையோட சாட்சி, நல்ல பேரு எல்லாம் கெட்டுப்போகும். இதை இதோட மூடிடுவோம்" என்றார்.

"மூடினதாலதான் ஐயா ஒருத்தர் விழுந்தார்" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் எனக்கும் வந்தது, இன்னும் இறங்கவில்லை. ஞாயிறு தவறாமல் நாங்கள் எல்லாரும் ஒரே குரலில், பாவம் செய்தோம், பாவம் செய்தோம் என்று அறிக்கை செய்கிறோம். ஊரோடு சேர்ந்து சொல்லும்போது ஒருவருக்கும் வலிப்பதில்லை. ஒருத்தி தனியாக எழுந்து, இன்ன நாளில் இன்ன தப்பு நான் செய்தேன் என்று சொன்னால் மட்டும் சாட்சி கெட்டுப்போகுமா? கடவுள் மன்னித்தது எனக்கும் கடவுளுக்கும் நடுவில் உள்ளது. அந்த மன்னிப்பை வாங்கி மடித்துப் பீரோவில் வைத்துவிட்டு, தச்சரைச் சிறைக்கு அனுப்புவது எந்த ஊர் நியாயம்? சிலுவையில் ஒருவர் அடுத்தவன் குற்றத்தைச் சுமந்தார் என்று பிரசங்கிக்கிறோமே, அவர் தாமாகச் சுமந்தார். தச்சர் தலையில் நாங்கள் அல்லவா ஏற்றினோம்! அதிகாரி இதெல்லாம் வழக்குக்கு வேண்டாம் என்றார். எழுதாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன், எழுதினார்.

சம்பவத்துக்குப் பிறகு வந்த இரண்டாம் ஞாயிறு ஆராதனையில், கடவுள் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்கிற நேரம் வந்தது. வேலை கிடைத்தவர், காய்ச்சல் தீர்ந்தவர் எல்லாரும் சொல்லி முடித்ததும் நான் எழுந்து மைக்கைப் பிடித்தேன். "தொட்டியோட நடுக்கட்டையை" என்று ஆரம்பித்த உடனே, முதல் வரிசையில் இருந்த அண்ணன் கீபோர்டு வாசிப்பவருக்குக் கையைக் காட்டினார். அவர் பாட்டை ஆரம்பித்துவிட்டார். மைக்கும் செத்துப்போனது. சபை முழுவதும் எழுந்து கைதட்டிப் பாடியது. நான் அதற்கும் மேலே கத்தினேன். முன்வரிசைப் பெண்கள் என் தோளை அணைத்து, "அழுதுடுங்க, எல்லாம் சரியாயிடும்" என்று உட்காரவைத்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை, அடிக்கத்தான் கை வந்தது. புதுப் பலகை போட்டு மேலே புதுக் கம்பளமும் விரித்திருந்தார்கள். எல்லார் கண்ணுக்கும் முன்னால் நனைந்து எழுந்து, பழையதை விட்டேன் என்று சொல்கிற இடம் அது. அதே இடத்தின் மேல் நின்றுகொண்டு ஒரு பொய்யைப் பாட்டுப் பாடிக் காப்பாற்றினோம்.

பாட்டு முடிவதற்குள் நான் வெளியேறி, நேராகத் தச்சர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி கதவைத் திறந்தார். உள்ளே கட்டில் பலகை பலகையாகக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தது. எதற்கு என்று கேட்டேன். "அது அவர் கையால செஞ்ச கட்டில். பிள்ளைங்க படுத்திருக்கும்போது ஒடிஞ்சுட்டா என்ன பண்றதுன்னு கழட்டி வச்சுட்டாரு. எல்லாரும் தரையிலதான் படுக்கிறோம்" என்றார். பட்டறை போனதும் வழக்கு வந்ததும் எனக்குத் தெரியும். அந்த மனிதர் தன் கையையே நம்பாமல் போனது எனக்குத் தெரியாது.

தச்சர் வந்ததும், நான் உட்காராமல், சுற்றி வளைக்காமல், அங்கியில் ஆரம்பித்துக் கட்டையின் ஒரு முனையைப் பிடித்தது வரை சொல்லி முடித்தேன். அதன் பிறகு, "நான் தப்பான மரத்தை எடுத்துட்டேனோன்னு நினைச்சு நினைச்சு செத்தேன் டெய்லரம்மா. அன்னைக்கு எதிர்லதானே நின்னீங்க?" என்றார்.

"ஆமா. நின்னேன்" என்றேன்.

"போயிடுங்க" என்றார்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று கேட்க எனக்கு முகம் இல்லை. கதவு என் முகத்துக்கு நேரே சாத்தப்பட்டது. நான் தெருவில் கொஞ்ச தூரம் நடந்தபோது பின்னால் சுத்தியல் சத்தம் கேட்டது. கழற்றிய கட்டிலைத் திரும்பப் பூட்டுகிறார் என்று தெரிந்துகொண்டேன். தெருமுனை வரை அந்தச் சத்தம் கேட்டது. அங்கே எனக்குப் பசித்தது. அந்தத் திங்கட்கிழமை முதல் எந்தச் சாப்பாடும் எனக்கு இறங்கவில்லை. ஒரு டீக்கடையில் நின்று ரொட்டி வாங்கி, அழுதுகொண்டே தின்றேன். கடைக்காரர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார், நினைக்கட்டும். ஞானஸ்நானம் எடுத்த அன்று மூக்கில் தண்ணீர் ஏறி, இருமிக்கொண்டு, தலையெல்லாம் சொட்டச் சொட்டக் கரையேறியபோது எனக்கு எப்படி இருந்ததோ, அப்படி இருந்தது. இனி யார் என்னிடம் எதைக் கேட்டாலும் உள்ளதைச் சொல்லலாம். இந்தச் சுகத்தை எனக்குக் கொடுக்கக் கூடாது என்றுதான் இத்தனை பேர் இத்தனை பாடுபட்டார்கள்.

அதன் பிறகு இன்று இங்கே வந்தேன். வாசலில் இருந்த காவலர், "குடும்பத்துல பேசிட்டு வாங்கம்மா" என்று இரண்டு முறை திருப்பி அனுப்பப் பார்த்தார். நான் சொல்வதற்கு ஆதாரம் கேட்டால், கட்டையைப் போய்ப் பாருங்கள். அதன் மேல்பக்கம் வரிசையாக நீலக் கறை இருக்கும், அங்கிகளுக்குப் போட்ட நீலம் அது. பழைய பலகை முறிந்திருப்பதும் சரியாக நடுவில், கட்டை தாங்கியிருக்க வேண்டிய இடத்தில். தச்சர் போட்ட மரத்தில் எந்தக் குற்றமும் இல்லை. ஆஸ்பத்திரியில் இருக்கிற போட்டோக்காரருக்கும் இதை நானே போய்ச் சொல்லத் தயார். சட்டப்படி எனக்கு என்ன தண்டனை என்று கேட்டேன். அதிகாரி சொன்னார். சரி என்றேன்.

என் அண்ணன் எனக்கு இருபது வயதானதிலிருந்து என்னைத் தாங்கியவர். எனக்கு முதல் தையல் மெஷின் வாங்கித் தந்தவர். அவர் கெட்டவர் அல்ல, பயந்தவர். இந்த ஜன்னல் வழியாகப் பார்த்தால், எதிரே மரத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறார். நான் உள்ளே வந்ததிலிருந்து அங்கேதான் இருக்கிறார். தடுக்க வந்தவர் இதற்குள் உள்ளே வந்து தடுத்திருப்பார். போக நினைத்தவர் போயிருப்பார். அவர் சாப்பிட்டிருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். அவர் படியேறி வந்தால் யாரும் அவரைக் குடும்பத்தில் பேசிவிட்டு வரச் சொல்லக் கூடாது. அவருக்கும் ஒரு நாற்காலி போட்டு, ஒரு தாள் எடுத்து வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதில் உள்ள அனைத்தும் நான் சொன்னது, எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது, நானும் கண்ணாடி போட்டு ஒருமுறை வாசித்தேன். எதையும் கூட்டவில்லை, எனக்காக எதையும் குறைக்கவில்லை. இது சத்தியம்.

(கையெழுத்து)

பதிவு செய்த அதிகாரியின் குறிப்பு: வாக்குமூலம் கொடுத்தவர், வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியும் போகாமல் வெளி பெஞ்சில் அமர்ந்திருக்கிறார். அவர் கேட்டுக்கொண்டபடி ஒரு தாள் எடுத்து வைக்கப்பட்டுள்ளது.