ரெண்டாவது பொண்ணு

தண்ணி கிண்ணி எதுவும் வேணாம்மா. அந்தப் பை என் கால்கிட்டயே இருக்கட்டும், எடுத்து ஓரமா வெக்காத. ஆங், வடிவேலு நான்தான். மணிமொழி எம் பொண்ணு. தமிழ்நிலா பேத்தி. நீதான தீபிகா? போன்ல கேட்டதுக்கு பதில் சொல்லத்தான் வந்துகீறேன்.

குந்துறேன் குந்துறேன். அவசரம் இல்ல. ஆனா கொஞ்சம் கீது. பெரும்பாக்கம் பஸ்ஸ வுட்டா அடுத்ததுக்குக் காயணும்.

அன்னிக்கி இன்னா சொன்ன நீ? இந்த நோவு வந்த புள்ளைங்க கணக்கு எல்லா ஆஸ்பத்திரிலேர்ந்தும் இங்க அடையாறுக்கு வருது, ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு மாதிரி எழுதிகீறான், ஒரே மாதிரி ஆக்கி ஒரே கம்ப்யூட்டர்ல போடறோம்ன. பேரு வராது, நம்பருதான் வரும்ன. அது ரூல்ஸு. நல்ல ரூல்ஸுதான். எவன் புள்ளைக்கு இன்னா நோவுன்னு ஊருக்கு எதுக்கு? ஆனா அதால நாங்க பட்ட பேஜாரு உனக்குத் தெரியாது.

இரு, சொல்றேன். சைதாப்பேட்ட ஆத்தோரம் இருக்கசொல்ல, மெடிக்கல் கேம்ப்புக்கு பாப்பாவ நான்தான் இட்டுனு போனேன். ரத்தம் எடுத்தானுங்க. என் போன் நம்பரு குடுத்தேன். அப்போ கையப் புடிச்சினு நடக்கும். அப்பால வூட்ட இடிச்சி எங்கள பெரும்பாக்கத்துல கொண்டு போட்டானுங்க. அங்க போயி பாப்பாவுக்கு காலு வுழுந்துச்சி, நடக்கவே முடியல. மணிமொழி வேற ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு ஓடுனா. கேம்ப்புல குடுத்த பழைய சீட்டா? லாரில சாமான் ஏத்தசொல்ல அண்டாவே காணாம பூட்ச்சி, சீட்டக் கேக்கற. புதுசா ரத்தம், புது நம்பரு, அவ போனு.

அந்த டாக்டரு கம்ப்யூட்டரப் பாத்துட்டு ஒரு வார்த்த சொன்னாரு. இதே கொறையோட இன்னொரு பொண்ணு சென்னையிலயே கீதும்மா, அதே வயசு, அது நடக்குது. யாரு எவருன்னு எங்களுக்கே தெரியாதுன்னாரு.

அவ்ளோதான். அதையே புடிச்சிக்கினா மணிமொழி. எப்ப போனாலும் மொத கேள்வி, அந்தப் பொண்ணு நடக்குதா சார்? வேற ஒண்ணும் எழுதலம்மான்னுவாரு அவரு. வெள்ளிக்கெழம கோயில்ல ரெண்டு வெளக்கு. ஒண்ணு நம்ம பாப்பாவுக்கு, ஒண்ணு அதுக்கு. நான்கூட தேடுனேன். சைதாப்பேட்ட மார்க்கெட்டு, மாம்பலம் ஸ்டேஷனு, தாங்கித் தாங்கி நடக்கற பொண்ணப் பாத்தா பின்னாலயே போவேன். ஒரு அம்மா செருப்பக் கழட்டிட்டா.

சிரிக்கிறியா? சிரி.

அன்னிக்கி போன்ல, ரெண்டு நம்பரோட ரத்தமும் ஒண்ணு மாதிரியே கீது, கேம்ப்புல பர்மிசன் வாங்கி விசாரிச்சோம், தாத்தா இட்டுனு வந்தாராம், ஆத்தோரமாம்ன நீ. பேசிக்கினே கீற. போன்ல பேசற விஷயமா இது? அதான் நேர்ல வந்து சொல்றேன்னு போன வெச்சேன்.

ஆமாம்மா. ரெண்டும் ஒரே பொண்ணுதான்.

ரெண்டு நம்பரையும் ஒண்ணா சேத்துக்கோ. தப்பான கணக்க வெச்சி மருந்து பாத்தா வேற புள்ளைங்களுக்கு ஆவாதுன்ற. புரியுது, நான் இன்னா மரமா? எங்க போடணும் கையெழுத்து? இங்கியா? இந்தா.

ஒண்ணே ஒண்ணு. மணிமொழி போனுக்கு மட்டும் பேசாத. இன்னாது, பெத்தவளுக்குச் சொல்லணுமா? அதுக்கும் ரூல்ஸா? நான் சொல்லிக்கிறேன்மா. எப்பன்னு கேக்காத. சொல்லிக்கிறேன்.

பையா? பிரிச்சிப் பாரு. பாப்பாவோட பூட்ஸுதான். பக்கத்துல இரும்புக் கம்பி வெச்சது, மாட்டிக்கினா நிக்கும் புள்ள. உன் ஆபீஸுக்கு வரேன்னு தெரிஞ்சி காலைல மணிமொழிதான் தொடச்சிக் குடுத்தா. பாப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியமும் முடிஞ்சிச்சி, இது எதுக்கு வூட்ல சும்மா, அந்தப் பொண்ணுக்கு நாளைக்கி ஆவும், அவங்க கண்டுபுடிச்சிக் குடுப்பாங்கன்றா. அளவு சேருமோ சேராதோன்னேன். அதே வயசுதான நைனா, கரெக்டா இருக்கும்னா.

வாங்கிக்கோம்மா. குடுத்தாச்சுன்னு சொல்லிக்கிறேன். பஸ்ஸுக்கு நேரமாச்சி.