சாப்பிடாத பாம்பைத் தொந்தரவு செய்யக் கூடாது

முதன்முதலாகப் பாம்பு வளர்க்கிறவர்கள் சோளப் பாம்பு வாங்குவதுதான் நல்லது. எங்கள் ஓஹையோவில் பாம்புக் கண்காட்சிக்கு வருகிற எல்லோரிடமும் இதையே சொல்வேன். எலியைக் காட்டினால் விழுங்கிவிடும், கையில் எடுத்தால் கோபிக்காது. ஒரே வம்பு, மூடியில் விரலளவு சந்து இருந்தால் ஓடிவிடும். பூட்டு போட வேண்டும்.

பந்து மலைப்பாம்பு அப்படியில்லை. பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். இடம் மாறினால் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். புதிதாக வாங்கினவர்கள் பதறிப்போய் எடுத்து எடுத்துப் பார்ப்பார்கள். அட, அதுதான் தப்பு. இருட்டான சின்ன இடம், சூடு, தண்ணீர், வாரம் ஒருமுறை எடை. அவ்வளவுதான். பசித்தால் தானே தின்னும்.

நீங்கள் கேட்டது என் தங்கை கொரினைப் பற்றி. அவளைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஐயா.

இருபத்திரண்டு வருடம் நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் சேர்ந்து பாம்பு வளர்த்தோம். மார்ச் கண்காட்சி முடிந்து எங்கள் கடை மேசையை மடிக்கும்போது சொன்னாள்: "ஹார்லன் அண்ணா, நான் ஓரிகனுக்குக் குடிபோறேன். பாம்பெல்லாம் நீயே வெச்சுக்கோ. எனக்கு மனுசங்களோட இருக்கணும்."

அந்த வீட்டில் தனியாக இருக்க என்னால் முடியாது. மண்டியிட்டுக் கெஞ்சினேன். "ஐயோ, எந்திரிண்ணா, எல்லாரும் பாக்குறாங்க" என்றாள். வீட்டுக்கு வந்து துணிகளைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள்.

கீழ்த்தளத்தில் பாம்பு முட்டைகளைப் பொரிக்க வைக்கும் அறை இருக்கிறது. முட்டை பொரிந்திருக்கிறது, வந்து பார் என்றேன். ஓடி வந்தாள், பாவம். நான் வெளியே நின்று பூட்டினேன். சன்னல் இல்லாத அறை, எப்போதும் எண்பத்தெட்டு டிகிரி ஃபாரன்ஹீட்.

புதிதாக வந்ததை முதல் வாரம் தொடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். நானும் தொடவில்லை. கதவின் அடிச்சந்தில் தட்டையும் தண்ணீரையும் தள்ளினேன்.

"அண்ணா, திறண்ணா. நான் என்ன பாம்பா? நீ திறக்கிற வரைக்கும் ஒரு வாய் சாப்பிட மாட்டேன்."

தட்டு அப்படியே திரும்பி வந்தது. இத்தனை வருடம் அவளைச் சோளப் பாம்பு என்று நினைத்திருந்தது என் பிழை என்று அப்போதுதான் புரிந்தது. நான் பதறவில்லை. ஞாயிறுதோறும் உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, தராசை வைத்து ஏறச் சொன்னேன். ஐந்தாவது ஞாயிறு நானே தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது.

பக்கத்து வீட்டு பெட்ராக் அம்மாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்: "என்னப்பா, தங்கச்சி போனதும் உங்க வீடே ஊமையாயிடுச்சே! புது எடம் அவளுக்குப் பிடிச்சிருக்கா?"

"இப்பதான் பழகிக்கிட்டு வர்றா" என்றேன். அதில் பொய் இல்லை.

நாற்பத்தாறாம் நாள் காலை அவள் சுவரோரம் நன்றாகச் சுருண்டு படுத்திருந்தாள். தட்டுவதும் இல்லை, அழுகையும் இல்லை. ஒருவழியாகப் பழகிவிட்டாள் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. கையைத் தொட்டேன், விறைத்திருந்தது, உடம்புச் சூடும் இல்லை. சூட்டை இரண்டு டிகிரி கூட்டிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

நீங்கள் போலீஸ்காரர்கள் வந்து கதவை உடைத்துத் திறந்தது அதற்கு ஆறாம் நாள். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் சாப்பிட்டிருப்பாள், ஐயா.