வேனின் பின்சக்கரத்துக் கல்லை எடுத்தவர் பற்றி

பெயர்: முகம்மது தம்பி சுல்பிகா
வயது: 37
தொழில்: வீட்டில் தையல்
முகவரி: கடற்கரைப் பக்கக் குறுக்கு வீதி, சாய்ந்தமருது
உறவு: காயமடைந்தவரின் மனைவி, சந்தேக நபரின் தங்கை

2023 ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை, முற்பகல் 11.20. அழைப்பாணை இன்றித் தானாகப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தவர். பெண் உத்தியோகத்தர் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.

மேலே உள்ள பெயரும் முகவரியும் என்னுடையவை. நான் என் கணவர் சுபியானுடனும் இரண்டு பெண் பிள்ளைகளுடனும் அந்த முகவரியில் வசித்து வருகிறேன். என் கணவர் இப்போது இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். என் மூத்த சகோதரர் றிபாஸ் காக்கா ஞாயிற்றுக்கிழமை கைது செய்யப்பட்டு விளக்கமறியலில் இருக்கிறார். காக்கா வேண்டுமென்றே என் கணவர் மேல் வேனை விழுத்தியதாகக் கணவரின் மூத்த சகோதரி ஜெமீலா முறைப்பாடு கொடுத்திருக்கிறார். வேனின் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை எடுத்தது தான்தான் என்று காக்கா ஒப்புக்கொண்டிருப்பதாக அறிகிறேன். அது பொய். கல்லை எடுத்தது யார் என்று சொல்லவே நான் வந்தேன்.

என் கணவர் மருதமுனையைச் சேர்ந்தவர். அவருடைய ஆட்கள் நெசவுக்காரர்கள். என்னைக் கல்யாணம் செய்து என் வீட்டுக்கு வந்த பிறகுதான் மீன் தொழிலுக்கு வந்தார். எங்கள் வாப்பா, காக்கா எல்லாரும் கரையில் நின்று கயிற்றால் வலை இழுக்கும் கரைவலைக்காரர்கள். காக்காவின் வலையில் படும் மீனை ஐஸ் போட்டுச் சம்மாந்துறைச் சந்தைக்குக் கொண்டு போவது என் கணவரின் வேலை. அதற்கு ஒரு பழைய வேன் வைத்திருக்கிறார். ஐஸ் தண்ணீரும் மீன் தண்ணீரும் வடிந்து வடிந்து அந்த வேனின் அடிப்பக்கம் முழுவதும் துருப்பிடித்து விட்டது. அதன் ஹேண்ட் பிரேக் வயர் அறுந்து இரண்டு வருடம். வேனை நிறுத்தினால் பின்சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் சின்ன மகளுக்கும் தெரியும்.

கடந்த மாதக் கடைசியில் வேனின் எஞ்சின் பயங்கரமாக உதறத் தொடங்கியது. எஞ்சினைத் தாங்கும் றப்பர் கிழிந்து விட்டதென்றும், அதை மாற்ற நாலு போல்ட் கழற்ற வேண்டுமென்றும் கராஜ்காரர் வினோஜ் சொன்னார். கராஜில் விடச் சொல்லி நான் சொன்னேன். “நாலு போல்ட்டுக்கு என்னத்துக்கு கராஜ்? எனக்குக் கையில்லயா?” என்று என் கணவர் கேட்டார். அதன் பிறகு வினோஜிடம் சாமான்கள் இரவல் வாங்கி வந்து வீட்டு முற்றத்தில் வேலையைத் தொடங்கினார். மூன்று போல்ட் முதல் நாளே கழன்றது. நாலாவது அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி மூன்று நாள் ஊற விட்டார், சுத்தியலால் அடித்தார், அதன் பிறகு நெருப்புக் காட்டினார். போல்ட்டின் தலை மூலை தேய்ந்து வட்டமானதுதான் மிச்சம். சாப்பிடக் கூப்பிட்டாலும் வேனுக்குக் கீழே இருந்து வரமாட்டார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்து வாப்பாவின் காலைத்தான் பார்த்தார்கள். எனக்கு அந்தப் போல்ட்டின் மேல் அவ்வளவு ஆத்திரம் வந்தது.

இப்படி இரண்டு கிழமை போனது. வேன் இல்லாததால் காக்காவின் மீன் கடற்கரையிலேயே வந்த விலைக்குப் போனது. 9ஆம் திகதி புதன்கிழமை காலை கடற்கரையில் காக்காவுக்கும் என் கணவருக்கும் வாய்ச்சண்டை வந்தது. அப்போது காக்கா, “உன்ன அந்த வேனுக்குக் கீழயே போட்டு மண்ணள்ளி மூடுறன் பார்” என்று சொன்னது உண்மை. பத்துப் பேர் கேட்டார்கள், நானும் கேட்டேன். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் எங்கள் குடும்பத்து வாய் அப்படித்தான், எனக்கும் அந்த வாய்தான். சொன்னதையெல்லாம் செய்கிற ஆட்களாக இருந்தால் எங்கள் தெருவில் ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். இதையும் எழுதும்படி நான் உத்தியோகத்தரிடம் கேட்டுக் கொண்டேன்.

12ஆம் திகதி சனிக்கிழமை காலை பத்து மணியளவில் காக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். யாரும் கூப்பிடவில்லை. அவருடன் வலை இழுக்கும் நஸீர், இஹ்ஸான் ஆகிய இருவரும் வந்தார்கள். காக்காவின் தோளில் கரைவலைக் கயிறு ஒரு சுருள் கிடந்தது. “எங்க மச்சான் அந்தப் போல்ட்? ஆயிரம் கிலோ மீனோட வல மடியக் கரைக்கு இழுக்கிறம், இது வராமப் போறதா?” என்று கேட்டார். என் கணவர் சிரித்தார். புதன்கிழமைச் சண்டை அந்த இடத்திலேயே முடிந்து விட்டது. நான் எல்லாருக்கும் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன்.

அப்போது வேன் வீட்டைப் பார்த்து நின்றது. பின்பக்கம் கேற்றைப் பார்த்திருந்தது. கேற் பக்கம் நிலம் கொஞ்சம் சரிவு. முன்பக்கத்தை ஜெக்கால் தூக்கி, சாரதிப் பக்கத்து முன் சக்கரத்தைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். அந்தச் சக்கரத்தைப் படுக்கையாக வேனுக்குக் கீழே தள்ளியிருந்தால் இந்த அளவுக்கு நடந்திராது என்று வினோஜ் பிறகு சொன்னார். அன்று அது எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சாரதிப் பக்கத்துப் பின் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கருங்கல் இருந்தது. வேனைப் பின்னால் உருளாமல் பிடித்திருந்தது அந்தக் கல் ஒன்றுதான்.

அதன் பிறகு போல்ட்டின் தலையைக் கவ்வும் சொக்கற்றை மாட்டி, அதன் கைபிடியில் ஆறடி நீள இரும்புக் குழாயைச் செருகினார்கள். குழாயின் மறு முனை சாரதிப் பக்கமாக வெளியே நீட்டிக் கொண்டிருந்தது. அந்த முனையில் காக்கா கயிற்றைக் கட்டி, கயிற்றை வேன் ஓரமாகப் பின்னுக்குக் கொண்டு போய், கேற்றடியில் மூவரும் இடுப்பில் போட்டு நின்றார்கள். முதல் தரம் இழுத்தபோது ஒன்றும் அசையவில்லை. இரண்டாம் தரம் இழுத்தபோது சொக்கற் தேய்ந்த தலையில் இருந்து வழுக்கி விட்டது. “ஆரும் கீழ இருந்து அமத்திப் புடிச்சாத்தான் நிக்கும், நான் புடிக்கிறன்” என்று என் கணவர் சொல்லி, சாக்கை விரித்து வேனுக்குக் கீழே போனார். போக வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அன்றோடு அது கழன்றால் போதும் என்றுதான் இருந்தேன்.

கீழே இருந்து அவர் சொல்வது கேற்றடிக்குக் கேட்காது என்பதால், நான் பின் சக்கரத்தடியில் நின்று சொல்லிக் கொடுக்க வேண்டுமென்று காக்கா சொன்னார். அதன்படி நின்றேன். மூன்றாம் தரம் இழுத்தார்கள். அப்போது கயிறு இறுகி, பின் சக்கரத்துக் கல்லின் விளிம்பில் உரசுவதைக் கண்டேன். ஒரு புரி பிய்ந்து நின்றது. நான் கத்தி நிற்பாட்டினேன். எங்கள் வீட்டில் சின்ன வயதில் இருந்தே கயிற்றைக் கல்லில் உரச விட்டால் அடி விழும். கல்லில் உரசிய கயிறு கடலுக்குள் வலையோடு அறுந்து போகும், ஒரு வருடச் சாப்பாடு அதோடு போகும். கயிறு கல்லில் படுவதைக் கண்டால் எங்கள் ஆட்கள் யோசிப்பதில்லை, கல்லைத் தூக்கி அங்கால் வைப்போம். நானும் அந்தக் கல்லைத் தூக்கி ஓரமாக வைத்தேன். எடுத்த உடனே வேன் அசையவில்லை. காக்கா அப்போது குனிந்து இடுப்புக் கயிற்றைச் சரிப்படுத்திக் கொண்டிருந்தார். மற்ற இருவரும் கேற்றின் வெளிப்பக்கம் பார்த்து நின்றார்கள். மூவரில் ஒருவரும் காணவில்லை.

அந்தக் கல் எதற்காக வைக்கப்பட்டிருந்தது என்று எனக்குத் தெரியுமா எனக் கேட்கப்பட்டது. ஓம், தெரியும். அந்தக் கல்லை அந்த இடத்தில் நூறு தரமாவது நானே வைத்திருப்பேன். அந்த நேரம் என் கண்ணுக்குக் கயிறு மட்டும்தான் தெரிந்தது.

அதன் பிறகு என் கணவர் கீழே இருந்து, “ஓம், இப்ப இழுக்கச் சொல்லு” என்றார். நான், “இழுங்க காக்கா” என்று கத்தினேன். மூவரும் சாய்ந்து இழுத்தார்கள். கயிறு முறுகிச் சத்தம் போட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் அசையவில்லை. பிறகு திடீரென்று கயிறு இளகியது. வலை இழுக்கிறவர்களுக்குக் கயிறு இளகினால் நிற்கத் தெரியாது. இளகிய கயிற்றை ஓடி எடுக்காவிட்டால் மீன் வெளியே போய்விடும். மூவரும் பின்னுக்கு ஓடினார்கள். போல்ட் கழன்று விட்டதென்று நினைத்து நான், “கழண்டிட்டு! கழண்டிட்டு!” என்று கத்திக் கைதட்டினேன். கழன்றது போல்ட் இல்லை. உருண்டது வேன். ஜெக் சரிந்த சத்தமும் வேன் விழுந்த சத்தமும் ஒன்றாகக் கேட்டன. என் கணவரின் சத்தம் கேட்கவே இல்லை. நான் கைதட்டியது என் காதில் இன்னும் இருக்கிறது.

முதலில் ஓடி வந்தது காக்கா. வேனுக்குத் தோள் கொடுத்து, “அல்லாஹ்வே, தூக்குங்கடா, தூக்குங்கடா” என்று கத்தினார். அக்கம்பக்கத்து ஆட்களும் ஓடி வந்து பத்துப் பன்னிரண்டு பேராகத் தூக்கி என் கணவரை வெளியே எடுத்தார்கள். காக்காவின் தோள் கிழிந்து இரத்தம் ஓடியது. ஆட்டோவில் ஆஸ்பத்திரி போகும் வழி முழுவதும் என் கணவரின் தலையை மடியில் வைத்து, “கதைங்க மச்சான், ஒரு வார்த்தை கதைங்க மச்சான்” என்று அழுதுகொண்டே வந்தார். கொல்ல நினைத்தவன் அப்படி அழ மாட்டான். பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது நாங்கள் ஆஸ்பத்திரி வாசலில் இருந்தோம்.

அன்று பின்னேரம் காக்கா சாமான்களை எடுத்து வைக்க எங்கள் வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தார். வந்து ஆஸ்பத்திரி விறாந்தையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “கல்லு ஓரத்தில கிடக்கு. நீதானே புள்ள?” என்று கேட்டார். நான் ஓம் என்றேன். அவர், “நான் எடுத்தன். வெளங்குதா? சுபியான் கிடையில கிடந்தா நீதான் பாக்கணும். ரெண்டு பொம்புளப் புள்ளயள் இரிக்கி. நீ வாயத் துறக்காத” என்றார். மறுநாள் ஜெமீலா மதினி முறைப்பாடு கொடுத்த பிறகு பொலிஸார் வந்து என்னை விசாரித்தார்கள். சம்பவ நேரம் நான் குசினியில் சமைத்துக் கொண்டிருந்ததாகச் சொன்னேன். நான் அங்கே நின்றதை நஸீரும் இஹ்ஸானும் சொல்லவில்லை. 13ஆம் திகதிய என் வாக்குமூலத்தில் உள்ள அந்தப் பகுதி பொய். பயத்தில் சொன்னேன். பயத்தை விட, நான் உள்ளே போனால் அவரைப் புரட்டிப் படுக்க வைக்க யார் இருக்கிறார்கள் என்ற யோசனையில் சொன்னேன். காக்காவைக் கூட்டிக் கொண்டு போகும்போது நான் வாசலில் நின்று பார்த்துக் கொண்டிருந்தேன்.

நேற்று என் கணவருக்குக் கதைக்க முடிந்து, பொலிஸார் அவரிடமும் கேட்டார்கள். கல்லை எடுத்தது யாரென்று தான் காணவில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். இன்று காலை எட்டு மணியளவில் நான் அவருக்குக் கஞ்சி பருக்கினேன். எனக்கு அடக்க முடியவில்லை. “கல்ல நான்தான் எடுத்தன்” என்று சொன்னேன். அவர், “தெரியும். கீழ கிடந்து உன்ர கையக் கண்டன்” என்றார். கண்டும் ஏன் கத்தவில்லை, ஏன் வெளியே வரவில்லை என்று நான் அவரிடம் கோபப்பட்டேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம் போட்டேன். அதற்கு அவர், “கயிறு, கல்லு எல்லாம் உங்கட வேல. எனக்கென்ன தெரியும்? நீ எடுத்தா அது சரியாத்தான் இரிக்கும் எண்டு கிடந்தன்” என்றார்.

அதன் பிறகு மிச்சக் கஞ்சியையும் பருக்கி, அவர் வாயைத் துடைத்து விட்டு, நேரே இங்கு வந்தேன்.

இதைச் சொல்வதால் நானும் சந்தேக நபராகலாம் என்று எனக்கு விளக்கப்பட்டது. விளங்கிக் கொண்டேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

எழுதியது முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. ஓரிடத்தில், “அந்தக் கல்லைத் தவறுதலாகத் தூக்கி ஓரமாக வைத்தேன்” என்று எழுதப்பட்டிருந்தது. “தவறுதலாக” என்பதை வெட்டும்படி கேட்டேன். அந்தச் சொல் எனக்கு உதவியாக இருக்கும், கிடக்கட்டும் என்று உத்தியோகத்தர் சொன்னார். வேண்டாமென்றேன். கால் தட்டி உருண்ட கல் இல்லை அது. குனிந்து, இரண்டு கையாலும் தூக்கி, ஓரமாக வைத்தேன். என் கணவர் அதைக் கீழே கிடந்து பார்த்துக் கொண்டிருந்தார்.

வெட்டிய இடத்தில் சுருக்கொப்பம் இட்டுள்ளேன். மற்றபடி இதில் உள்ளது அத்தனையும் நான் சொன்னது, நடந்தது.

(ஒப்பம்)
மு. சுல்பிகா